பஞ்சசூனையும் பழம்பொருள் சேகரிப்பும்

பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை அடுத்துள்ள நங்கநல்லூர், 32 அடி உயர ஆஞ்சநேயர் சிலையாலும் தெருவுக்குத் தெரு எழுந்த கோயில்களாலும் அறியப்படும் தென்சென்னைக் குடியிருப்பு. அங்கே தனி வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழும்போது, கொல்லைப்புறத்து அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உரலுக்கும் புதிய வீட்டில் இடம் கிடைப்பதில்லை. பித்தளை அண்டாவும் வெண்கல உருளியும் எடைக்காவது போகும். கல்லுக்கு அந்த மதிப்பும் இல்லை. இவற்றுள் சில சேகரிப்பாளர் கைக்குச் சென்று, துலக்கப்பட்டு, வரவேற்பறையில் அமர்கின்றன. மரபைக் காத்த செயல் என்று இதைப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும், இப்பொருள்களோடு வாழ்ந்த மக்களின் சமயச் சிந்தனை இவற்றை எவ்வாறு கருதியது, அக்கருத்துக்கு முன் சேகரிப்பு என்னும் செயல் எவ்வாறு நிற்கும் என்ற வினா அரிதாகவே எழுகிறது.

மனுதர்ம சாஸ்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இல்லறத்தானுடைய வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்னும் இவ்வைந்துக்கும் பஞ்சசூனை என்று பெயர். சூனை என்பது உயிர்க்கொலை நிகழும் இடம். நெருப்பில் பூச்சி கருகுகிறது, குழவியின் கீழ் எறும்பு நசுங்குகிறது, பெருக்கும்போதும் குத்தும்போதும் நீர் மொள்ளும்போதும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் மடிகின்றன. ஆகவே உண்டு வாழும் எந்த இல்லமும் குற்றமற்றதாக இருக்க முடியாது என்பதே இக்கருத்தின் அடிப்படை. இக்குற்றத்துக்குக் கழுவாயாக, வேதம் ஓதுவித்தல், முன்னோருக்கு நீர்க்கடன் ஆற்றுதல், தேவருக்கு வேள்வி செய்தல், பிற உயிர்களுக்குப் பலியுணவு இடுதல், விருந்தினரைப் பேணுதல் என்னும் ஐந்து வேள்விகள் அன்றாடக் கடமையாக விதிக்கப்பட்டன. எனவே அம்மி ஒரு சமையற்கருவி மட்டுமன்று. நாள்தோறும் கடன் ஏற்றிக்கொண்டும், அக்கடனைத் தீர்க்கும்படி வீட்டாருக்கு நினைவூட்டிக்கொண்டும் இருந்த பொருள் அது.

வரவேற்பறையில் அமர்ந்த அம்மியிடம் இந்தக் கடன் இல்லை. எதையும் அரைக்காததால் அது எதையும் கொல்வதில்லை. அதன் பொருட்டு எறும்புக்கு ஒரு பிடி சோறு வைக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. ‘அந்தக் காலத்து எளிய வாழ்க்கை’ என்ற பெருமூச்சுக்கு அது வசதியாக இடம் தருகிறது என்றால், முதற்காரணம் அது இவ்வாறு குற்றம் நீக்கப்பட்ட பொருளாகிவிட்டதுதான். அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர்களின் சாத்திரமோ அதனை எளியதென்றோ குற்றமற்றதென்றோ கருதவில்லை.

சாத்திரத்துக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. ஐந்து வேள்விகளின் பட்டியலில் எறும்புக்கும் காகத்துக்கும் பங்கு இருக்க, அரைத்த கைக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. வேள்விகளுக்கு உரியவனாக நூல் கருதியது இல்லத்தலைவனை. அம்மியின் முன் குனிந்திருந்தவளோ பெரும்பாலும் பெண். ஆனால் நடுவே தேய்ந்து குழிந்த கல்லும், ஈயம் பூசிப் பூசிப் பயன்படுத்திய பாத்திரமும், அதன் விளிம்பில் வெட்டப்பட்ட பெயரும் நூல் விட்டதைச் சொல்கின்றன. பழம்பொருளைத் தேடி வைப்பதற்குச் சமயநோக்கில் ஒரு நியாயம் உண்டென்றால், அது இந்தச் சான்றில்தான் இருக்கிறது; அதனாலேயே, புதியதுபோல் மின்னும்வரை தேய்த்து மெருகேற்றுகிற சேகரிப்பாளர் தாம் காப்பதாகச் சொல்வதையே அழிக்கிறார் என்று கூற வேண்டியுள்ளது.

கருவியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்து நோக்கும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதன்று. ஆயுத பூசை நாளில் அரிவாள்மணையும் உளியும் தராசும் துடைத்துப் பொட்டிடப்பட்டு ஒருநாள் ஓய்வு பெறுகின்றன. மறுநாள் விசயதசமியன்று அவை மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றன. அவ்வணக்கம் திரும்புதலை உள்ளடக்கியது. அருங்காட்சியகத்திலோ அந்த மறுநாள் வருவதேயில்லை.

சமணம் இவ்வினாவை வேறொரு முனையிலிருந்து அணுகுகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பரிக்கிரகம் அதாவது உடைமை என்பதை மூர்ச்சை, மயங்கிய பற்று, என்றே வரையறுக்கிறது. பற்றில்லாதவனிடம் பொருள் இருந்தாலும் அது கட்டாகாது, பற்றுள்ளவனுக்கு இல்லாத பொருளும் கட்டாகும் என்ற முடிவுக்கு இவ்வரையறை இட்டுச்செல்கிறது. புணேயில் விளக்கு, பாக்குவெட்டி, சமையற்கலம் என ஆயிரக்கணக்கில் திரட்டிய தினகர் கேள்கர், அத்தொகுப்புக்கு இளவயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரை இட்டு, பின்னர் அதனை மகாராட்டிர அரசிடம் ஒப்படைத்தார். பற்றில் பிறந்த சேகரிப்பு பற்றுவிடுதலில் முடிந்த இந்நிகழ்வை மூர்ச்சை என்று தள்ளுவதற்குச் சமண அறவோரும் தயங்கியிருப்பர்.

எனினும் எதைச் சேர்க்கிறோம் என்பதிலேயே மயக்கம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சூனை ஐந்தினுள் அம்மிக்கும் உரலுக்கும் குடத்துக்கும் சேகரிப்பாளர் எளிதில் கிடைக்கின்றனர். துடைப்பத்தை அலமாரியில் வைப்பாரைக் காண்பது அரிது. அது தேய்ந்து அழிவது, அழகற்றது, தாழ்ந்த வேலையோடும் அவ்வேலைக்குத் தள்ளப்பட்ட மக்களோடும் இணைத்து எண்ணப்பட்டது. சாத்திரமோ ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்தது. இராசத்தானத்தின் நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரி (1929–2004), ஜோத்பூரை அடுத்த மோக்லாவாசில் அர்ணா ஜர்ணா என்னும் அருங்காட்சியகத்தை நிறுவியபோது, அதன் முதன்மைத் தொகுப்பாகத் துடைப்பத்தையே தேர்ந்தெடுத்தார். எந்தப் புல்லால் கட்டப்பட்டது, யார் கட்டினார், யார் பெருக்கினார் என்னும் கேள்விகளைத் துடைப்பத்தின் முன் நிற்பவர் தவிர்க்க முடிவதில்லை. குத்துவிளக்கின் முன் நிற்பவருக்கு அவற்றைக் கேட்கத் தோன்றுவதுகூட இல்லை.