எதிரணிக்காக ஓர் ஆரவாரம்

1944-ஆம் ஆண்டு நவம்பர் 11. நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்விக்கழகத்தின் மாணவர் அணி, நோட்ரடேம் பல்கலைக்கழக அணியை 59-0 என்ற கணக்கில் வென்றது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. அந்தப் பருவத்தின் ஒன்பது ஆட்டங்களிலும் ராணுவ அணிக்கே வெற்றி. எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 35. தேசிய சாம்பியன் பட்டமும் அதனையே சேர்ந்தது.

அதே வாரங்களில் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவிலும் ஜெர்மனியின் எல்லைக் காடுகளிலும் அவர்கள் வயதை ஒத்த இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்தனர். போர்க்காலத்தில் விளையாட்டு தகுமா?

இதற்கு விடை கூறுவது எளிது. விளையாட்டும் போர்ப்பயிற்சியின் அங்கமே என்று கருதிய மக்ஆர்தர், 1919 முதல் 1922 வரை அக்கழகத்தின் தலைவராக இருந்தபோதே ஒவ்வொரு மாணவனும் விளையாட வேண்டும் என்று விதித்துவிட்டார். உண்மையில் உறுத்தும் கேள்வி வேறு. மற்றக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் போருக்குப் போய்விட்டார்கள். நோட்ரடேமின் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹியே அவ்வாண்டு கடற்படையில் இருந்தார். ராணுவ மாணவர்களோ படிப்பு முடியும்வரை கழகத்தில் இருந்தனர். ஆக, பிறரை மெலியச் செய்த போரே இவர்களை வலியவர்களாக்கியது. அத்தகைய வெற்றியில் பெருமை கொள்ளலாமா?

ஆயுதம் இழந்து நின்ற இராவணனை இராமபிரான் அன்று விடுத்து, மறுநாள் வரச் சொன்னதை நாம் அறிவோம். அவரால் மறுநாளைக் கொடுக்க முடிந்தது. இந்த மாணவர்களிடம் கொடுப்பதற்கு மறுநாள் இல்லை. குறித்த நாளில் எதிரே நின்றவருடன் முழுமனத்தோடு ஆடுவதே அவர்கள் கையில் இருந்தது. வலிமை குறைந்தவர் என்று இரங்கி அரைமனத்தோடு ஆடியிருந்தால், அதுவும் எதிராளியை அவமதித்தலே. குறை ஆட்டத்தில் இல்லை. 59-ஐத் தன் உயரம் என்று எண்ணும் மனத்தில்தான் இருக்க முடியும்.

அந்த மனத்தைப் பழக்குவது எப்படி? எதிர்பாராத விதமாகப் போரே ஒரு வழி காட்டியிருந்தது. பயணக் கட்டுப்பாடுகளால் 1942-இல் ராணுவ மாணவர்கள் அன்னபோலிஸுக்குச் செல்ல இயலவில்லை. எனவே கடற்படை மாணவரில் ஒரு பகுதியினர் ராணுவ அணிக்காக ஆரவாரிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. மறு ஆண்டு ஆட்டம் வெஸ்ட் பாயின்டில் நடந்தபோது ராணுவ மாணவர்கள் அந்தக் கடனைத் தீர்த்தனர். அன்று கடற்படை 13-0 என வென்றது. தம் அணியின் தோல்வியையே அவர்கள் கைதட்டி வரவேற்க நேர்ந்தது! ஆணையிட்டு வருவது பண்பாகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் மனத்தை வசப்படுத்த கீதை அப்பியாசத்தைக் கூறுகிறது. அப்பியாசம் எதுவும் முதல் நாளில் இயல்பாக வருவதில்லை. எதிரணிக்காக ஒரு மாலைப்பொழுது குரல் கொடுத்தவனுக்கு, எதிரணியிலும் மனிதர்களே ஆடுகிறார்கள் என்பது காதில் விழுந்திருக்கும்.

1944 டிசம்பர் 2 அன்று பால்டிமோரில் ராணுவ அணி கடற்படையை 23-7 என வென்று பருவத்தை முடித்தது. அதைக் காண வந்தவர்கள் போர்க்கடன் பத்திரங்களும் வாங்கினர். 5 கோடி 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. பசிபிக் போர்முனையிலிருந்து மக்ஆர்தரின் வாழ்த்துத் தந்தியும் வந்தது.

அந்த அணியின் தலைவர் டாம் லம்பார்டோ. 1950 செப்டம்பர் 24 அன்று கொரியப் போரில் அவர் உயிர்நீத்தார். அங்கு ஐக்கிய நாடுகள் படைகளுக்கு அப்போது தலைமை வகித்தவர், அன்று தந்தி அனுப்பிய அதே மக்ஆர்தர்.