மீட்க முடியாத அஸ்திரம்

எட்டயபுரத்தைச் சூழ்ந்த கரிசற்காட்டில் பிறந்தவனுக்கு மண் என்பது, கோடையில் வெடித்துப் பிளந்தாலும், மழையில் பொங்கிக் காலைக் கவ்வினாலும், தன்னை மிதித்து நடப்பவனுக்குத் துரோகம் நினையாத தெய்வம். அந்த விசுவாசத்தையே கொலைக்கருவியாக்கியது கண்ணிவெடி. புதைத்த வெடி அதர்மம் என்பதை மறுப்பவர் அரியர். ஆனால் ஒருவரையும் இன்னும் கொல்லாமல் கிடங்கில் கிடக்கும் வெடியை வைத்திருப்பதும் பாவமாகுமா?

இக்கேள்விக்கு மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் விடை காண்கிறேன். அசுவத்தாமன் ஏவிய பிரம்மாஸ்திரத்தைத் தணிக்க அர்ச்சுனனும் ஏவ, உலகம் தீய்ந்துவிடுமென்று வியாசரும் நாரதரும் இடையில் வந்து நின்றனர். அர்ச்சுனன் தன் அஸ்திரத்தை மீட்டுக்கொண்டான். பிரம்மசரியத்தாலும் சத்தியத்தாலும் அந்த உபசம்ஹார சக்தி அவனுக்கு வாய்த்திருந்தது. அசுவத்தாமனுக்கோ ஏவத் தெரிந்ததேயன்றி மீட்க இயலவில்லை. ஆகவே அவன் அஸ்திரம் போர்க்களத்தை விட்டு, பாண்டவர் குலப் பெண்களின் கருவைத் தேடிச் சென்றது.

யுத்தம் முடிந்த பின்னும் யுத்தம் செய்யாதவரைத் தேடுவதே மிதிவெடியின் சுபாவமும். ஈழத்தில் 2009-இல் போர் ஓய்ந்தும், முகமாலையில் இரு தரப்பாரும் புதைத்தவற்றை, போரில் கணவனை இழந்த பெண்கள் உட்பட அவ்வட்டாரத்து மக்களே முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி எடுக்க நேர்ந்தது. நம் தேசத்திலும், 2001-ஆம் ஆண்டின் இறுதியில் பாகிஸ்தான் எல்லையில் படை குவிந்தபோது வயல்களில் புதைத்தவற்றை அகற்றப் பின்னர் வருஷங்கள் பிடித்தன. அப்பணியிலேயே வீரர்கள் உயிர்நீத்தார்கள்.

1997-இல் ஒட்டாவாவில் கையெழுத்தான கண்ணிவெடித் தடை உடன்படிக்கை, அதில் சேரும் நாடு கிடங்கிலுள்ளவற்றை நான்கு ஆண்டுகளிலும், புதைத்தவற்றைப் பத்து ஆண்டுகளிலும் அழிக்க வேண்டுமென விதித்தது. கையிலிருப்பதை மீட்பது எளிது, மண்ணில் இட்டதை மீட்பது அரிது என்னும் உண்மை அவ்விதியிலேயே அடங்கியிருக்கிறது. 2017 டிசம்பரில் அதில் சேர்ந்த இலங்கை, தன் கையிருப்பை 2021-இல் அழித்து முடித்தது. அழிப்பதும் ஒரு தவமே: ஒவ்வொன்றையும் எண்ணிக் கணக்கிட்டு, ஜனசஞ்சாரமற்ற இடத்துக் குழியில் அடுக்கி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தபின், வெடிக்காத துண்டு ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா என்று நிலத்தைத் தேட வேண்டும். எறிவதற்கு வேண்டாத சிரத்தை மீட்பதற்கு வேண்டும்.

எல்லையில் பகைவன் நிற்கையில் ஆயுதத்தைக் கைவிடுவதா என்று கேட்பர். அந்த அச்சத்தால் 2025-இல் பால்டிக் நாடுகள் உடன்படிக்கையிலிருந்து விலகவும் செய்தன. அச்சம் மெய்யே. ஆயினும் துப்பாக்கி ஏந்திய வீரன், சரணடைந்தவனைக் கண்டு கையைத் தாழ்த்தலாம். வெடிக்குக் கண்ணுமில்லை, கருணையுமில்லை. மறைந்திருந்து கொல்லும் ஆயுதத்தை மனுதர்மமும் போரில் விலக்கியது. இட்டபின் இட்டவனாலேயே அடக்க முடியாத ஒன்றைச் சேமிப்பது, முகமறியாத ஒரு குழந்தையின் மரணத்துக்கு முன்கூட்டியே சம்மதிப்பதாகும். சங்கற்பத்தில் பாவம் உண்டென்று நம்புகிறவன் இச்சேமிப்பை நிரபராதம் என்று சொல்லலாகாது. ஆகையால், அவ்வுடன்படிக்கையில் இன்னும் சேராத நம் பாரததேசம், அர்ச்சுனனின் வழியைத் தன் வழியென்று கொண்டு, மண்ணில் இடுவதற்கு முன்னரே தன் கிடங்குகளை ஒழித்தல் வேண்டும்.