2050-க்குச் செய்த சத்தியம்

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் முடித்த ஒரு தங்கை தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அண்ணா, ஓர் எண்ணெய் கம்பெனி ஸ்காலர்ஷிப் எனக்குக் கிடைச்சிருக்கு. வாங்கினா பாவமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் மூன்று பிள்ளைகள். கூட்டாளிகளோ, "பூமியைக் கெடுக்கிற காசு" என்று சொல்லிவிட்டார்கள். "2050-க்குள்ள கார்பனைப் பூஜ்யமாக்கிடுவோம்னு கம்பெனி சொல்லுதே அண்ணா, அதை நம்பலாமா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாரம் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

இளைஞர்களே, நமக்குச் சத்தியம் புதிதல்ல. கோயிலில் சங்கல்பம் செய்யும்போது குருக்கள் என்ன கேட்கிறார்? பெயர், நட்சத்திரம். பிறகு ஊர், மாதம், நாள் எல்லாம் சொல்லித்தான் வேண்டுதலைச் சொல்கிறார். யார், எங்கே, எப்போது, எதற்காக என்று தெரியாமல் சங்கல்பம் இல்லை.

இதே கேள்விகளைக் கம்பெனிகளின் சத்தியத்திடமும் கேட்போம்.

யாருடைய புகை? இதை மூன்று கணக்காகப் பிரிக்கிறார்கள். கம்பெனியின் சொந்த ஆலையிலும் கிணற்றிலும் வரும் புகை ஒன்று. அது வாங்கும் மின்சாரத்தால் வரும் புகை இரண்டு. மூன்றாவதில் முக்கியமானது, விற்ற எண்ணெயையும் எரிவாயுவையும் வாங்கியவர்கள் எரிப்பதால் வரும் புகை. ஓர் எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் பெரும்பங்கு இந்த மூன்றாவதுதான். ஷெல் போன்ற நிறுவனத்தில் அது பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல்.

நம் பெட்ரோனாஸ் 1974-ல் பிறந்தது. 2050-க்குள் நிகர பூஜ்யம் என்ற இலக்கை 2020 நவம்பரில் அறிவித்தது. சரவாக் கடலில் உள்ள கசாவாரி வயலில், எரிவாயுவோடு சேர்ந்து வரும் கார்பனைப் பிரித்து, ஆண்டுக்கு 33 லட்சம் டன் வரை கடலடியில் உள்ள பழைய வயலில் அடைக்கும் திட்டத்துக்கு 2022-ல் முடிவெடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் அடைக்கப்போவது, வாயுவோடு சேர்ந்து மேலே வரும் கார்பனை. அந்த வாயுவை வாங்கியவர் எரிக்கும்போது வரும் புகை அந்தக் குழாய்க்குள் போகாது. வீட்டு முற்றத்தைக் கூட்டுவதும் தெருவைக் கூட்டுவதும் வேறு வேறு.

அடுத்தது, எப்போது? தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்தவர், "முப்பது வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று சொல்வதில்லை. 48 நாளுக்கு முன்பே விரதம் தொடங்குகிறார். வேண்டுதல் உண்மையா என்பது காவடி தூக்கும் நாளில் தெரிவதில்லை, விரத நாட்களில் தெரிகிறது. கம்பெனிக்கும் 2030, 2035 இலக்குகள்தான் விரத நாட்கள்.

1910-ல் சரவாக்கின் மிரியில் நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டியது ஷெல் குழுமம். விற்கும் எரிசக்தியின் கார்பன் அடர்த்தியை 2030-க்குள் 20 விழுக்காடு குறைப்போம் என்றது. 2024 மார்ச்சில் அதை 15 முதல் 20 வரை என்று தளர்த்தியது. 2035-க்கு வைத்திருந்த 45 விழுக்காடு இலக்கைக் கைவிட்டது. 2050 மட்டும் அப்படியே நிற்கிறது. விரதத்தை இளக்கிவிட்டுக் காவடியை மட்டும் பேசுவது போல எனக்குப் பட்டது.

அந்த 'அடர்த்தி' என்ற சொல்லையும் கவனியுங்கள். ஒரு தோசைக்கு எண்ணெயைக் குறைத்துவிட்டேன் என்று அம்மா சொல்லலாம். ஆனால் பத்துத் தோசைக்குப் பதிலாக இருபது சுட்டால் எண்ணெய்ப் புட்டி குறையுமா?

இந்த வழக்கு நீதிமன்றத்துக்கும் போனது. ஷெல் தன் மொத்தக் கார்பனை 2019 அளவிலிருந்து 2030-க்குள் 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2021-ல் நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. அதே சமயம், குறைக்கும் கடமை கம்பெனிக்கு உண்டு என்றும் சொன்னது. கடமை உண்டு, இத்தனை விழுக்காடு என்று எங்களால் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். சட்டம் நின்ற இடத்தில்தான் தர்மம் பேச வேண்டியிருக்கிறது.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "நாங்க விற்கிறோம், நீங்கதானே எரிக்கிறீங்க?" என்பார்கள். உண்மைதான். பத்துமலைக்கு ரயில் இருந்தும் நான் போன தைப்பூசத்துக்குத் தனியாகக் காடி ஓட்டிக்கொண்டுதான் போனேன். என் கை சுத்தமில்லை. ஆனால் வினை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. அறிந்தவனுக்கும் மாற்றும் சக்தி உள்ளவனுக்கும் பங்கு அதிகம். எனக்கு இருப்பது ஒரு காடிச் சாவி. அவர்களிடம் கிணறும் முதலீடும் இருக்கிறது.

மறு வாரம் அந்தத் தங்கையிடம் சொன்னேன். "வாங்கிக்கோம்மா. படிக்கிறது பாவமில்ல. அப்பாவோட சுமை குறையறதும் பாவமில்ல. ஆனா வாங்கின காசு வாயை அடைச்சிடக் கூடாது. அந்த மூணாவது கணக்கை யார் எழுதுறா, இந்த வருஷம் அது கூடிச்சா குறைஞ்சுச்சான்னு உள்ளே இருந்து கேக்கிற ஆளா நீ இரு. கேக்க முடியாத நாள் வந்தா, அன்னைக்கு மறுபடி யோசி."

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "கேட்டா வேலை போயிடுமே அண்ணா?" என்றாள்.

போகலாம். அதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. ஆனால் 2050-ல் அவளுக்கு நாற்பத்து மூன்று வயதிருக்கும். இன்று அந்தச் சத்தியத்தில் கையெழுத்திட்டவர்களில் பலர் அன்று நாற்காலியில் இருக்க மாட்டார்கள். அவளும் நீங்களும்தான் இருப்பீர்கள். அந்த விரதத்தில் இன்று எத்தனையாவது நாள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?