பிடித்தவனைப் பிடிப்பது யார்?

தமிழில் 'பிடி' என்னும் சிறு சொல் சுமக்கும் பொருள்கள்தாம் எத்தனை! காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறோம். மழைக்குக் குடை பிடிக்கிறோம். குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. வாங்கிய கடனுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். மனத்துக்கு உகந்ததைப் 'பிடித்திருக்கிறது' என்கிறோம். நல்லதை விடாதிருந்தால் அது கடைப்பிடி. தவறெனத் தெரிந்தும் விடாதிருந்தால் அது பிடிவாதம். தடுமாறி விழும் குழந்தையையும் தப்பியோடும் கள்வனையும் அதே கையால்தான் பிடிக்கிறோம். ஒன்று காப்பதற்கு; மற்றொன்று அகப்படுத்துவதற்கு. இரண்டிற்கும் வினைச்சொல் ஒன்றே.

அறிவின் செயலையும் நாம் கையின் செயலாகவே பேசுகிறோம். கள்வன் பிடிபடுகிறான், கணக்கும் பிடிபடுகிறது. ஜெர்மன் மொழியில் கருத்தாக்கத்தைக் குறிக்கும் 'பெக்ரிஃப்' என்ற சொல்லும் பற்றுதல் என்னும் வினையிலிருந்து பிறந்ததே. கி.மு. 300 அளவில் ஏதென்சு நகரில் ஸ்டோயிக் மெய்யியலைத் தொடங்கிய சீனோ, அறிவின் படிகளைத் தம் கையாலேயே விளக்கிக் காட்டினார் என்று சிசரோ எழுதிவைத்திருக்கிறார். விரிந்த உள்ளங்கை, கண்முன் தோன்றும் காட்சி. விரல்கள் சற்றே மடங்கினால், அக்காட்சிக்கு நாம் தரும் இசைவு. விரல்கள் மூடி முட்டியானால், புரிந்துகொள்ளுதல். அம்முட்டியை இடக்கை இறுகப் பொதிந்துகொண்டால் அதுவே மெய்யறிவு. அது ஞானிக்கு மட்டுமே உரியது என்றார் அவர்.

விரிந்த கையிலிருந்து நேரே முட்டிக்குத் தாவும் அவசரம் மனிதருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். ஒரு மாணவனின் விரலிடுக்கில் மடித்த தாள்துண்டு ஒன்றைக் கண்டேன். ஓசையின்றிப் பின்புறமாகச் சென்று அவன் மணிக்கட்டைப் பற்றினேன். அக்கணத்தில் என்னுள் எழுந்தது வருத்தமன்று, கடமையுணர்வும் அன்று. வேட்டை வாய்த்தவனின் மகிழ்ச்சி. தாளை உயர்த்தி அறை முழுவதற்கும் காட்டினேன். அவனை எழுந்து நிற்கச் செய்தேன். சிலர் சிரித்தார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை. மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனைத் தேடிச் செல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

அவன் செய்தது தவறே. அவனைப் பிடித்ததும் என் கடமையே. பிறகு ஏன் அந்நினைவு இன்றும் உறுத்துகிறது? இக்கேள்விக்கான வெளிச்சம் எனக்குக் கிடைத்தது அறநூல் எதிலும் அன்று. கிரிக்கெட்டின் விதி ஒன்றில். பந்து கைக்குள் வந்துவிட்டால் மட்டும் 'கேட்ச்' நிறைவு பெறுவதில்லை. பந்தின் மீதும் தன் அசைவின் மீதும் ஆட்டக்காரருக்கு முழுக் கட்டுப்பாடு வரவேண்டும் என்கிறது அவ்விதி.

1999ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், சூன் 13 அன்று லீட்சு நகரில் தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மோதின. 56 ஓட்டங்களில் இருந்த ஸ்டீவ் வா அடித்த பந்து ஹெர்ஷல் கிப்சின் கைக்கு வந்தது. வந்த மகிழ்ச்சியில் அதை மேலே வீச முனைந்தார் அவர், பந்து நழுவியது. ஸ்டீவ் வா ஆட்டமிழக்காமல் 120 ஓட்டங்கள் எடுத்தார். ஆஸ்திரேலியா அன்று வென்றது. இறுதியில் கோப்பையையும் வென்றது.

இதற்கு மாறான காட்சி 2024ஆம் ஆண்டு சூன் 29 அன்று பார்படோசில் நடந்தது. இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி. கடைசி ஓவரின் முதல் பந்து. டேவிட் மில்லர் உயர அடித்ததை எல்லைக் கோட்டருகே ஓடிப் பிடித்தார் சூர்யகுமார் யாதவ். ஓடிவந்த வேகம் தம்மைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவதை உணர்ந்ததும் பந்தை மேலே விட்டுவிட்டார். வெளியே கால் வைத்து, நிலைபெற்று, உள்ளே திரும்பி வந்து மீண்டும் பிடித்தார். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது.

இருவரும் பந்தைக் கையிலிருந்து விட்டவர்களே. ஒருவர் வென்றுவிட்டோம் என்று எண்ணி விட்டார். மற்றவர் தம் நிலை தவறுகிறது என்றறிந்து விட்டார். முன்னது மயக்கம், பின்னது விழிப்பு. பற்றுவதற்காகவே சற்று விடவேண்டிய கணமும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் போதனை சொல்லிவிடும்?

அன்று தேர்வு அறையில் தாள் என் பிடியில் இருந்தது. நான் என் பிடியில் இல்லை. தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவனைத் தேர்வெழுத விட்டு, என் சினமும் செருக்கும் அடங்கியபின் தனியே அழைத்துப் பேசியிருக்கலாம். தண்டனை தேவையெனில் அப்போது தந்திருக்கலாம். கள்வனைப் பிடிக்கும் கையே விழுகின்றவனைத் தாங்கும் கையாகவும் இருந்திருக்கும். அம்மாணவன் உண்மையில் விழுந்துகொண்டிருந்தான். அதை நான் காணவில்லை.

பெற்றோர் பிள்ளையின் பொய்யைப் பிடிக்கிறார்கள். அலுவலர் ஊழியரின் பிழையைப் பிடிக்கிறார். நண்பர் நண்பரின் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடாதிருக்கிறார். பிறர் குற்றம் நம் கைக்குள் வந்து விழும் ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: பந்து கையில் இருக்கிறது, சரி, என் கால்கள் எங்கே இருக்கின்றன?