இருக்கும் தண்ணீருக்கு எத்தனை வயல்?

அந்த வருடம் ஐப்பசி ஏமாற்றிவிட்டது. கார்த்திகை பிறந்து பத்து நாளாகியும் எங்கள் ஊர்க் கண்மாய் பாதிக்கு மேல் ஏறவில்லை. சிவகங்கைச் சீமையில் அதற்கு என்ன பொருள் என்று பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். தாத்தாவின் கையைப் பிடித்தபடி கரையில் நின்றேன். மடையடியிலிருந்து முழங்கால் சேற்றோடு ஏறி வந்த நீர்பாய்ச்சி, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: “பாதி வயலுக்குத்தான் தண்ணி காணும்ங்கய்யா. ஆளுக்குப் பாதி நட்டா, எல்லார் வீட்டுலயும் கஞ்சி உண்டு.”

அன்றிரவு சாவடியில் பெரிய சச்சரவு. முன்மடைக்காரர்களுக்கு மனசில்லை, தண்ணீர் அவர்கள் வயலைத் தாண்டித்தானே கடைமடைக்குப் போகவேண்டும்? விடியும் நேரத்தில் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். பங்குனியில் அறுத்தது சொற்பம்தான். ஆனால் நிலம் வைத்திருந்தவர்களில் வெறும் குதிரோடு நின்றவர் எவருமில்லை.

நிறைய இருக்கும்போது பங்கிடுவதற்குப் பெரிய மனசு தேவையில்லை. குறையும்போது பங்கிடுவதற்குத்தான் ஊர் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. இலங்கையின் உலர் வலயத்துக் குளக்கரைக் கிராமங்களிலும் ‘பெத்ம’ என்றொரு வழக்கம் உண்டு. மழை பொய்த்த பருவத்தில் குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் எல்லோரும் பங்கு பிரித்துப் பயிரிடுவார்கள். கண்மாயை வெட்டியவர்கள் இந்த ஒழுங்கையும் சேர்த்தே உருவாக்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகச் சொல்வார்கள். மேலூர்க் கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழூர்க் கண்மாய் பெருகும். வரத்துக்காலை நடுவில் ஒருவர் அடைத்தால் கீழே எத்தனையோ அடுப்புகள் அணையும்.

இன்று வானமே கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்க முடியும். சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டவும் செய்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தமிழ்நாடு ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெறும் மழை கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2015இல் மூழ்கிய சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போனது. இப்படிக் கொட்டுவதைத் தாங்கவும், கொட்டாத மாதங்களுக்கு வைத்துக்கொள்ளவும் கண்மாயைப் போல ஏற்றது வேறில்லை. ஆனால் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு வந்தபின் கண்மாயைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. உள்வாயைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. “எல்லார் வீட்டுலயும் கஞ்சி” என்று சொன்ன நீர்பாய்ச்சிக்கு ஒரு குழி நிலம் கிடையாது. களத்தில் அளந்து போடும் நெல்தான் அவருக்குக் கூலி. அவருடைய கணக்குக்கு ஊர் கட்டுப்பட்டது. ஆனால் அவரைச் சாவடித் திண்ணையில் உட்கார விடவில்லை. அன்றிரவு அந்தக் கணக்கை வாசலில் நின்றுதான் மறுபடியும் சொன்னார். அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது. கரையைப் பலப்படுத்த நினைக்கும் நாம், அந்தத் திண்ணையையும் சேர்த்தே திருத்தியாக வேண்டும். அவமானத்தின் மேல் கட்டிய ஒற்றுமை நாள்படத் தாங்காது, தாங்கவும் கூடாது.

இப்போது மதுரையில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட குடியிருப்பில் இருக்கிறேன். போன சித்திரையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு திணறியது. வசதியுள்ளவர்கள் தனியாக லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். கூட்டம் போட்டோம். இன்னொரு இடத்தில் துளை போடலாமா, இன்னும் ஆழமாகப் போடலாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். தொட்டியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் கேட் அருகே நின்றிருந்தார். காலையும் மாலையும் மோட்டார் போட்டு, வால்வு திறந்து மூடுகிற காவலாளி.

அவரை உள்ளே அழைத்து, ஒரு நாற்காலி இழுத்துப் போட்டோம். தயங்கித்தான் உட்கார்ந்தார். “அண்ணே, இருக்குற தண்ணியை எப்படிப் பிரிக்கலாம்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “காலையில முக்கால் மணி, சாயங்காலம் அரை மணி. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. என் ரூமுக்கும் சேர்த்துத்தான் சார்” என்றார்.

ஆனி வரை அந்தக் கணக்கில்தான் வாழ்ந்தோம். லாரி ஒரு நாளும் வரவில்லை.