பார்க்க வருவோரும் இருந்து காப்போரும்

பிறந்த ஊர் பழைய கோலத்திலேயே இருக்க வேண்டும் என்று விரும்புவது நற்பண்பா, அல்லது அதுவும் ஒருவகைப் பற்றா? எழுபது வயதைக் கடந்த பின் இந்த வினா என்னை உறங்கவிடாமல் செய்யும் என்று நான் எண்ணியதில்லை. வினாவுக்கு வித்திட்டவன் என் பேரன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பொறியாளனாகப் பணிபுரியும் அவன், பயிற்சியின் பொருட்டுப் பிரான்சு நாடு சென்றிருந்தான். விடுமுறை நாளொன்றில் சேன் சீர் லபோபி என்னும் மலையூரைக் கண்டு, கைப்பேசியில் படங்கள் அனுப்பினான். லொத் என்ற ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறையில் அமைந்த ஊர். கல் வீடுகள், சரிந்த ஓட்டுக் கூரைகள், இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும் தெருக்கள். முற்காலத்தில் அவ்வூரார் மரம் கடைவோராம். பீப்பாய்களுக்கு மரக்குழாய் கடைந்து கொடுத்துப் பிழைத்தவர்கள். இன்று நிலையாகக் குடியிருப்போர் ஏறத்தாழ 200 பேர். பார்க்க வருவோரோ ஆண்டுதோறும் பல லட்சம். இத்தகைய சிற்றூர்களுக்கென்றே அந்நாட்டில் 1982இல் ஒரு சங்கம் தோன்றியது. மக்கள்தொகை 2000க்கு மேற்படாத, பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னங்கள் இரண்டேனும் உள்ள ஊரையே அதில் சேர்ப்பார்கள்.

“பாட்டி, அங்கே கூரையை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டுமாம். நம் ஊரையும் இப்படி வைத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டான். எனக்கும் அந்த ஏக்கம் உண்டாயிற்று. அவன் திரும்பி வந்ததும் இருவருமாகத் திருமலைக்குப் புறப்பட்டோம்.

போளூருக்கு அருகிலுள்ள திருமலையை நம் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அடிவாரத்தில் குந்தவை ஜினாலயம். மேலே பாறையில் செதுக்கிய, பதினாறு அடி உயரமுள்ள நேமிநாதர். சிகாமணிநாதர் என்று நம் முன்னோர் வாயார அழைத்த பெருமான். இக்கோயில் முதல் இராசராசனின் தமக்கையார் பெயரால் விளங்குவதைப் பெருமையுடன் சொல்வோம். ஆனால் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பவர் வேறொரு பெண்மணி. முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கங்கைவரை சென்ற அவனுடைய வெற்றிகளை நெடுக அடுக்கிச் சொல்லிவிட்டு, இறுதியில் செய்திக்கு வருகிறது. மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, நந்தாவிளக்குக்கு இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் கொடுத்தாள், அவ்வளவே. அத்தனை நாடுகளும் அந்த முப்பது காசுக்கு முகவுரையாய் நிற்கின்றன! பேரனுக்கு இதைச் சொன்னபோது சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன்.

மலையை வணங்கிய பின், கூப்பிடு தூரத்திலுள்ள எங்கள் சிற்றூருக்குச் சென்றோம். என் தந்தையார் கட்டிய வீட்டில் இப்போது சிற்றப்பா மகன் குடும்பத்துடன் இருக்கிறான். முன்கூட்டத்தில் இரண்டு தேக்குத் தூண்கள், வழவழப்பான திண்ணை, நாட்டு ஓட்டுக் கூரை. ஊரில் இப்படி எஞ்சியிருப்பவை மூன்றே வீடுகள். மற்றவையெல்லாம் தளம் போட்டவை. தம்பி ஒரு பத்திரத்தை எடுத்து வந்தான். கூரையைப் பிரித்துத் தளம் போட விரும்புவதாகவும், எனக்கும் பங்குள்ள வீடு ஆதலால் கையொப்பம் வேண்டுமென்றும் கூறினான். நான் பேரன் காட்டிய படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, “இந்த அழகைக் கெடுக்கலாமா?” என்றேன்.

அடுக்களையிலிருந்து தம்பி மனைவி வந்தாள். “அண்ணி, நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து திண்ணையில் உட்கார்ந்து மகிழ்கிறீர்கள். ஐப்பசி மழையில் இரவெல்லாம் ஒழுகும் இடத்துக்குப் பாத்திரம் வைத்து எடுப்பவள் நான். உத்திரத்தில் கரையான். மருந்தடித்தால்தான் நிற்கும் என்கிறார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா?”

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் வினாக் கேட்டுப் பழகிய எனக்கு விடை கிடைக்கவில்லை.

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் கொலையை நான்காகப் பகுத்துக் கூறுகின்றன. வேண்டுமென்றே செய்வது சங்கல்பம். சமையல், வீடு கட்டல் முதலியவற்றில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். பின்னவை மூன்றும் இயன்றவரை குறைக்கத்தக்கவை. முதலாவதோ முற்றும் விலக்கத்தக்கது. குடியிருக்கும் வீட்டின் கூரையைப் பிரிக்கும்போது சிற்றுயிர்கள் சாகலாம். அது ஆரம்பத்தில் அடங்கும். ஆண்டுக்கொருமுறை வரும் ஒருத்தியின் கண்ணுக்கு இனிமை தரும் உத்திரத்துக்காகக் கரையான் கூட்டத்தை நஞ்சிட்டு அழித்தால், அதை எந்தப் பகுப்பில் வைப்பது? அதுவும் ஆரம்பமே என்று வாதிடுவோர் இருக்கலாம். நான் அப்படி வாதிடத் துணியேன். தேவை யாருடையது, உயிர்விலை எதற்கு என்பதைப் பொறுத்தே பகுப்பு நிற்கிறது என்பது என் துணிபு.

மிகுபொருள் விரும்பாமை என்ற விரதத்தைப் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டுமே உரியதாகக் கருதி வந்தேன். என் பெயரில் இல்லாத, நான் ஒழுகலைத் துடைக்காத ஒரு கூரையையும் உடைமையாகப் பிடித்து வைத்திருக்கலாம் என்பது இப்போதுதான் விளங்குகிறது. நம் முனிவர்கள் மழைக்காலம் நான்கு மாதங்கள் அல்லாத காலத்தில் ஓரூரில் நிலைத்திருப்பதில்லை. ஊரின் மேல் வேர் விடாதிருக்கவே அந்த நியமம்.

இப்படிச் சொன்னால், பழமை எதையும் காக்க வேண்டா என்று பொருளாகுமோ? திருமலையின் ஓவிய அறைகளில் சமவசரணக் காட்சியை அண்ணாந்து பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லார். பார்க்க வந்தோர் சிலர் ஆங்காங்குப் புராதனச் சுவர்களில் தம் பெயரைக் கீறிச் செல்வதைக் கண்டால் என் கை பிரம்பைத் தேடுகிறது. (அகிம்சைக்கு ஒவ்வாத நினைப்புத்தான், ஆசிரியத் தொழிலின் மிச்சம்.) ஆனால் கோயில் ஒருவர் குடியிருக்கும் அடுக்களை அன்று. அதைக் காப்பதற்கு எவரும் நனைய வேண்டியதில்லை. துறையும் மடமும் சமுதாயமும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அதே திருமலையில் இன்னொரு கல்வெட்டு உண்டு. முதல் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், குணவீர மாமுனிவர் என்பார் வயல்களுக்கு நீர் பாயக் கலிங்கு ஒன்று கட்டுவித்த செய்தி அதில் இருக்கிறது. உடைமை ஏதுமில்லாத துறவி அந்த ஊருக்கு விட்டுச் சென்றது நீர்வழி. ஊரை அப்படியே வைத்திருங்கள் என்று அவர் கேட்டதாகக் கல் கூறவில்லை.

நான் வாழும் கும்மிடிப்பூண்டியைக் காண எவரும் சுற்றுலா வருவதில்லை. உருக்காலைப் புகைக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலை இரைச்சலுக்கும் நடுவே, பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்த பிள்ளைகள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் விட்டு வந்த ஊர்களிலும் ஓட்டு வீடுகள் இருக்கும். மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் அவை தளமாகிக்கொண்டிருக்கும். இங்குள்ள ஈழத்தமிழர் முகாமில் ஒரு தாய், தம் ஊர் வீட்டில் கிணறு ஒன்றுதான் மிச்சம் என்று முன்பொரு நாள் என்னிடம் கூறினார். அழகு கெட்டதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிணற்றில் யாராவது நீர் இறைக்கிறார்களா என்பதையே அறிய விரும்பினார்.

திரும்பும் வழியில் பேருந்திலேயே கையொப்பமிட்டுப் பேரனிடம் பத்திரத்தைக் கொடுத்தேன். அவன் முகம் சற்று வாடியது. “பிரான்சில் விட மாட்டார்கள், பாட்டி” என்றான். அந்த 200 பேரில் யார் வீட்டிலாவது ஒழுகுகிறதா என்று கேட்டு வந்தாயா என்றேன். கேட்கவில்லை என்றான், நல்ல பிள்ளை, உண்மையைச் சொன்னான்.

தை பிறந்ததும் வேலை தொடங்குகிறார்கள். மழைக்குப் பின் உயிரினங்கள் குறைவாக இருக்கும் காலம் பார்த்துப் பிரிப்பதாகத் தம்பி மனைவி சொல்லியிருக்கிறாள். தேக்குத் தூண்கள் இரண்டையும் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பட்டுமா என்றும் கேட்டிருக்கிறாள். எங்கள் இரண்டு அறை வீட்டில் அவற்றை நிறுத்த இடமில்லை. ஆயினும் வேண்டா என்று எழுதக் கை வரவில்லை. அவளுடைய கடிதம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.