குறுந்தகட்டின் விலையும் குண்டர் சட்டமும்

திருட்டு விசிடி விற்பவர்களையும் குண்டர் சட்டத்தில் அடைக்கலாம் என்று 2004இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவருக்கும் ரவுடிக்கும் உள்ள அதே தடுப்புக் காவல்தான். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

படம் எடுத்தவரின் இழப்பு பொய்யல்ல. வட்டிக்கு வாங்கி எடுத்த படம் தியேட்டரில் ஓடும்போதே பர்மா பஜாரில் தட்டாக விற்றால், அடி முதலில் விழுவது பெரிய நடிகர் மீது அல்ல. அவர் சம்பளம் பெரும்பாலும் முன்பே கைக்கு வந்திருக்கும். பாக்கிக்குக் காத்திருக்கும் லைட்மேனும் துணை நடிகரும்தான் தவித்துப்போவார்கள்.

வாங்குபவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒரிஜினல் டிவிடிக்கு நூற்றுக்கணக்கில் விலை வைத்த காலத்தில், தினக்கூலிக்காரரை யாரும் வாடிக்கையாளராகவே எண்ணவில்லை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோதுதான் அந்தப் பழைய விலை எவ்வளவு வீங்கியது என்று தெரிந்தது. எட்டாத விலையை வைத்துவிட்டு, எட்டாதவரைத் திருடர் என்பதில் பாதி நேர்மைதான் இருக்கிறது.

அதற்காக, வெறும் தட்டின் அடக்கவிலையைக் காட்டி "இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பதும் சரியல்ல. விலை பிளாஸ்டிக்குக்கு அல்ல, பல நூறு பேர் உழைப்புக்கு. படம் பார்க்காததால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. காசில்லை என்பது காத்திருக்கக் காரணமாகலாம், திருட்டுக்கு உரிமையாகாது. 2015இல் இயக்குநர் சேரன் தன் புதுப்படமான 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீட்டுக்கே கொண்டுவர முயன்றார். அந்த விலையிலும் திருட்டுத் தட்டைத் தேடிப்போனவருக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

தண்டனை வேண்டாம் என்பதல்ல வாதம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே மூன்றாண்டு வரை சிறை தருகிறது. தியேட்டரில் படம் பிடிப்பவருக்கு, 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு; அபராதம் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். இவற்றில் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டும், குற்றம்சாட்டப்பட்டவர் வழக்கறிஞர் வைத்து வாதாடலாம். நடைபாதையில் தட்டு விற்பவருக்கு அந்த வாய்ப்பைக்கூடத் தராமல் பூட்டிவைக்கும் 2004 திருத்தத்தை இனியும் வைத்திருக்கக் காரணமில்லை. சட்டமன்றம் அதை நீக்க வேண்டும்.